காலையில் மெலியும் நாடி

முந்தின நாள் மாலை அவள் திடமாக விட்டுவிட்டுப் போன நாடி, மறுநாள் காலை மெலிந்து கிடந்தது.

விரலக்கா வலது கையில் கையுறையை மாட்டி, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி, தலையில் கனத்த வி.ஆர். கண்ணாடியைக் கவிழ்த்துக்கொண்டு, எதிரே படுத்திருந்த நோயாளியின் கையைத் தொட்டாள். நோயாளி நிஜ ஆள் இல்லை. கண்ணாடிக்குள் மட்டும் இருப்பவர். கண்ணாடியைக் கழற்றினால் அந்த இடத்தில் ஒரு வெறும் மேசையும் அதன்மேல் ஆறிப்போன டீயும்தான் இருக்கும். ஆனால் கையுறையின் விரல்நுனிகளில் பொட்டு அளவே ஆன மோட்டார்கள் இருந்தன. நோயாளியின் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்தால் அவை அதிர்ந்து, உயிருள்ள ஒருவரின் நாடி துடிப்பதைப் போலவே காட்ட வேண்டும். நேற்று காட்டியது. இன்று எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது.

"யாரோ கை வச்சிருக்காங்க" என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்தே.

"என்னக்கா சொன்னீங்க?" என்று அறையின் மறுகோடியிலிருந்து கம்பளியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி. உன் வேலையைப் பாரு."

கம்பளி என்பது அவனுடைய பெயர் இல்லை. அந்தப் பட்டறையில் கணினிக்கு நிரல் எழுதுகிறவன். அவன் நாற்காலிக்கு நேர் மேலே ஏசியின் வாய் இருந்ததால் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு விரலக்கா என்ற பெயரை வைத்தவனும் அவன்தான். அதுவரை அதை அவள் பாசம் என்று நினைத்திருந்தாள். இப்போது அதிலும் ஏதோ குத்தல் இருக்குமோ என்று தோன்றியது.

இடது கையால் மேசையில் இருந்த, துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தேடிப்பிடித்து, நாடி பழையபடி திடமாகும் வரை மெல்லத் திருப்பினாள். இப்படித் திருப்புவது அந்த மாதத்தில் முதல் முறை அல்ல.

அந்தத் திருகைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அதில் ஒரு கோடு கிடையாது, ஒரு எண் கிடையாது. எவ்வளவு திருப்பினாலும் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது முதலாளியம்மாவின் ஏற்பாடு. "எண்ணைப் பார்த்தா விரல் பொய் சொல்லும். நேத்து அம்பதுன்னு வச்சேன், இன்னைக்கும் அம்பதாத்தான் இருக்கணும்னு மனசு சொல்லும். எனக்கு மனசு வேணாம், விரல் போதும்" என்பார். ஆகவே தொடு உணர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் விரலக்கா. அந்த அளவு எண்ணாக என்ன என்பது கம்பளியின் திரையில் மட்டும்தான் தெரியும். அவள் கேட்கக் கூடாது, அவன் சொல்லக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தோடுதான் அந்தப் பட்டறை நடந்து வந்தது. எல்லாருக்கும் அது ரொம்ப புத்திசாலித்தனமாகவே பட்டது.

பட்டறை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே காற்று நிரப்பும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே ஸ்பூன் கிளாசுக்குள் கிணுகிணுக்கும். நாடி மெலிந்ததற்கு முதலில் அவள் அந்த இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். கீழே போய், "உங்க மெஷின் ஆட்டத்துல எங்க கருவி கெடுது" என்று டயர்க்காரரிடம் சண்டைக்கு நின்றாள்.

"அம்மா, நான் காத்து அடிக்கிறவன். உங்க நாடியை நான் எங்கே அடிச்சேன்?" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு பேட்டரியைச் சந்தேகப்பட்டாள். புதிது மாற்றியும் நாடி மெலிந்தது. மிச்சம் இருந்தது மனிதர்கள்தான்.

சந்தேகம் அவளுக்கு நடுவில் வந்த நோய் அல்ல, சோறு போட்ட குணம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்வையற்றவர்களுக்கான புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தவள். தாளில் புள்ளிகள் எழும்பி வரும். ஒரு புள்ளி அமுங்கிப்போனால் எழுத்தே வேறாகிவிடும். அடித்து வந்த தாள்களின் மேல் விரலை ஓட்டி, எந்தப் புள்ளி சரியாக எழும்பவில்லை என்று பிடிப்பது அவள் வேலை. நல்ல தாள் என்று நம்பி விரலை ஓட்டினால் எதுவும் அகப்படாது. ஒவ்வொரு புள்ளியும் திருடன் என்று நினைத்து ஓட்ட வேண்டும். அவள் அப்படித்தான் ஓட்டினாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் கூடவே வந்தது. பால்காரர், பஸ் நடத்துநர், தையல்காரர் என்று யாரையும் அவள் விரல் ஒரு முறை தடவிப் பார்க்காமல் விட்டதில்லை.

அச்சகத்தை மூடும் நேரத்தில்தான் முதலாளியம்மா அங்கே வந்தார். ஒரு பையில் துணி, தோல், ரப்பர் என்று துண்டு துண்டாகக் கொண்டு வந்து, கண்ணை மூடச் சொல்லி அவளிடம் கொடுத்தார். "இதுல ஒரு துண்டைத் தலைகீழா வச்சுக் கொடுத்திருக்கீங்க" என்று அவள் சொன்னதும், "இந்த விரல் எனக்கு வேணும்" என்றார் அவர்.

விஷயத்தைக் கேட்ட புருஷன், "விரலை மட்டும் அனுப்பினா போதுமா, மீதியையும் சேர்த்து அனுப்பணுமா?" என்று கேட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதையும் பாதி ஏறி நிற்கிற லிஃப்ட்டைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான்.

மீதியும் சேர்ந்தே போனது. பட்டறையில் அவள் கண்ணாடிக்குள் இல்லாத பொருள்களுக்கு எல்லாம் தொடு உணர்வு கொடுத்தாள். ஈர மரம், மணல், உறைபனி, பூனையின் முதுகு. பூனையின் முதுகு அவளுடைய வெற்றி. அதைத் தடவியவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். வீட்டில் அவள் விரலுக்கு ராஜமரியாதை. கரிப்பாத்திரம் தேய்ப்பது புருஷன் வேலை ஆனது. "எங்க அண்ணி விரலால தொட்டா பூனை வரும், பாத்திரம் மட்டும் வராது" என்பாள் நாத்தனார். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

அதெல்லாம் விளையாட்டுக்கு உள்ள கையுறைகள். இந்த நாடிக் கையுறை வேறு. நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன்பு இதைப் போட்டுப் பழகப்போகிறார்கள். நர்ஸ் பள்ளியின் தலைமை நர்ஸ் வந்து போட்டுப் பார்த்துச் சரி என்றால், இனி வரும் எல்லாக் கையுறைகளுக்கும் தொடு அளவை முடிவு செய்கிற பொறுப்பு அவளுக்கு என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். தப்பாகப் போனால் சொல்ல வேண்டியதில்லை. அச்சகமும் இல்லை, விரலைக் கேட்டு வேறு யாரும் கதவைத் தட்டப் போவதும் இல்லை.

அந்த நேரத்தில்தான் நாடி காலைதோறும் மெலிந்தது.

கம்பளியை அவள் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கினால் எல்லாமே கண்ணில் படும். அவள் எழுந்து அவன் பக்கம் போனால் திரையில் எதையோ சட்டென்று மூடினான். முதலாளியம்மாவின் கண்ணாடி அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி பக்கத்தில் வந்து, "அக்கா, கை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"கைக்கு என்ன? ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா யாராவது கையை நலம் விசாரிப்பார்களா? ஆட்டை நலம் விசாரிக்கிறவன் விலை பேசத்தான் விசாரிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இந்தத் தையல்காரன் ஒருத்தன், காஜாவைச் சின்னதா வச்சுத் தொலைச்சிருக்கான்" என்று இடையில் ஒரு திட்டு.

புருஷன் காலை நீட்டிக்கொண்டு யோசித்தான். "லிஃப்ட் ராத்திரி தானா இறங்காது. யாரோ பட்டனை அமுக்கினாத்தான் இறங்கும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"சந்தேகமா இருந்தா லிஃப்ட்டைப் பூட்டிப் பாரு."

அளவுகள் எல்லாம் கையுறையின் மணிக்கட்டில் இருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள்தான் இருக்கும். ஆகவே மறுநாள் மாலை அவள் கையுறையைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டு பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் பட்டறைக்குப் போய் மாட்டிப் பார்த்தாள். நாடி விட்டது விட்டபடி இருந்தது. துளி மெலியவில்லை.

அவளுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. நெருப்பு இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

அன்று மாலை கையுறையைப் பட்டறையிலேயே விட்டாள். மறுநாள் வழக்கத்தை விட முன்னதாக வந்து, செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் மாடி ஏறினாள்.

கம்பளி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலையில் கண்ணாடி, வலது கையில் அவளுடைய கையுறை. கண்ணாடி போட்டிருப்பவனுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அவள் கைநீட்டினால் தொடும் தூரத்தில் போய் நின்றாள். அவன் மூச்சு விடுவது கேட்டது. வலது கையால் காற்றில் இல்லாத நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் திருகைக் கொஞ்சம் திருப்புவான். திருகை விட்டுவிட்டு அந்தக் கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோவான். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எதையோ ஒட்டுக் கேட்பவன் மாதிரி இருப்பான். மறுபடியும் திருகு. மறுபடியும் கழுத்து.

கத்த வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கழுத்து விஷயம் அவளுக்குப் புரியவில்லை. திருடுகிறவன் ஏன் தன் கழுத்தைப் பிடித்துப் பார்க்கிறான்? புரியாத புள்ளியை அவள் எப்போதும் அவசரப்பட்டுக் குறித்ததில்லை. வந்த வழியே இறங்கி, டயர் கடை வாசலில் நின்று, நேரம் கழித்து, செருப்புச் சத்தம் கேட்கும்படி ஏறிவந்தாள்.

"வாங்கக்கா. கை எப்படி இருக்கு?" என்றான் அவன் தன் இடத்திலிருந்து. கையுறை மேசைமேல் அதற்கென்று நிறுத்தியிருந்த மரக்கையில் சாதுவாகத் தொங்கியது. அன்று முழுக்க அவள் திருகைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததை வீட்டில் சொன்னபோது நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, அவன் தன் நாடியைப் பார்த்திருக்கான். கழுத்துலயும் நாடி அடிக்கும். நிஜ நாடி எப்படி அடிக்குதுன்னு பார்த்து, அதுக்குத் தக்கபடி உங்க கருவியை வைக்கிறான்."

"நான் வச்சதைச் சரி பார்க்க இவன் யாரு?"

"அதை அவன்கிட்ட கேளுங்க. நிஜ நாடியும் நீங்க வச்ச நாடியும் ஒண்ணாத்தானே இருக்கும்? அப்புறம் எதுக்கு பயம்?"

"பயமா, எனக்கா? என்னங்க, கையைக் கொடுங்க" என்று புருஷனின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய மணிக்கட்டில் வலது கையின் மூன்று விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. இடத்தை மாற்றினாள். அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

"விளையாடாதீங்க. கையைத் தளர்த்தி விடுங்க."

"தளர்த்தித்தான் விட்டிருக்கேன்."

"நாடியே இல்லையே."

"அப்போ நான் போயிட்டேனா? யாராவது சொல்லியிருந்தா இன்னைக்கு லீவு போட்டிருப்பேனே."

அவள் சிரிக்கவில்லை. அவன் வேண்டுமென்றே முழங்கையை மடக்கி ஏதோ வித்தை காட்டுகிறான் என்று சந்தேகப்பட்டு, அவன் கையை நேராக நீட்டிப் பார்த்தாள். நாத்தனார் பொறுமை இழந்து குறுக்கே வந்து தொட்டாள். தொட்ட நிமிடமே, "இதோ நல்லா அடிக்குதே. குதிரை மாதிரி ஓடுது" என்றாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தவள் குரலை இறக்கிக்கொண்டு, "இடது கையால பாருங்க அண்ணி" என்றாள்.

இடது கையை வைத்தாள். புருஷனின் நாடி அவள் விரலுக்கு அடியில் அமைதியாகத் துடித்துக்கொண்டிருந்தது. வலது கையை வைத்தாள். தோல் தெரிந்தது, சூடு தெரிந்தது. துடிப்பு தெரியவில்லை.

நாத்தனார்தான் தொடங்கினாள். "காலையில எழுந்ததும் கை மரத்துப்போச்சுன்னு உதறுவீங்க. கையை மடக்கிப் படுத்துட்டேன்னு சொல்வீங்க. போன வாரம் டம்ளரை ரெண்டு தடவை கீழே போட்டீங்க. சட்டைப் பொத்தான் போட முடியலன்னு தையல்காரரைத் திட்டுனீங்க."

"காஜா சின்னது."

"காஜா சின்னது இல்ல அண்ணி. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். மணிக்கட்டுல நரம்பு நசுங்கினா இப்படித்தான் ஆகும். கடைக்கு இந்த மாதிரி நிறைய பேர் வர்றாங்க."

அவள் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். கையுறைப் பட்டை தினமும் இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் தோல் ஒரு வளையமாகக் கறுத்திருந்தது. பட்டறையில் உள்ள ஒவ்வொருவரையும், கீழே உள்ள டயர்க்காரரையும், ஊரில் உள்ள தையல்காரரையும் சந்தேகப்பட்டவள், இத்தனை நாளில் சந்தேகப்படாமல் விட்டது அந்தக் கை ஒன்றைத்தான். விரலில் உணர்வு குறையக் குறைய அவள் திருகை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். எண்ணைப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பார்க்கக் கூடாது என்பது சட்டம்.

"நாளைக்கு டாக்டர் இல்ல" என்றாள். "நாளைக்குத் தலைமை நர்ஸ் வர்றாங்க."

காலையில் கம்பளி படியேறி வரும்போது அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போக முடியாதபடி.

"எத்தனை நாளா குறைச்சு வைக்கிற?"

அவன் மறுக்கவில்லை. கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டான். "போன தடவை நர்ஸ் பிள்ளைங்க ரெண்டு பேர் வந்து போட்டுப் பார்த்தாங்களே, அன்னையிலிருந்துதான்க்கா. நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க. நோயாளிக்கு அடிக்கிறது நாடியா, உலக்கையான்னு கேட்டாங்க. எண்ணைப் பார்த்தேன். பூனைக்கு நீங்க வச்ச அளவைப் போல மூணு மடங்கு இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எண்ணைச் சொல்லக் கூடாது."

"எண்ணை விடு. என் கை மரத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"தினமும் கேட்டேனேக்கா, கை எப்படி இருக்குன்னு. நீங்க ரெண்டும் இருந்த இடத்துல இருக்குன்னீங்க. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் அவள் அவனை விடவில்லை. "முதலாளியம்மா ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பேசின?"

"என் சீட்டை ஏசி வாய்க்குக் கீழே இருந்து மாத்தித் தரச் சொல்லி. குளிருதுக்கா."

"பொய் சொல்லாதே. உனக்கு என் நாற்காலி மேல ஆசை."

அவன் அவளை நேராகப் பார்த்தான். "ஆசைதான். தொடு அளவு வைக்கிறதுதான் இங்கே நல்ல வேலை. யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனா இப்படி வேணாம்னுதான் மூடி மறைச்சேன்."

இது உண்மையாக இருக்கலாம். மறைத்து வைத்து, சமயம் வரும்போது போட்டு உடைக்கலாம் என்று காத்திருந்திருக்கவும் கூடும். அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்பெல்லாம் ஆளின் குரலைக் கேட்டே அவளுக்கு ஒரு மாதிரி தெரிந்துவிடும். இப்போது எது தெரிகிறது, எது தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம் என்பதே குழம்பிவிட்டது.

"இன்னைக்கு நீங்க எதையும் தொட வேணாம்க்கா" என்றான் அவன் மெதுவாக. "நேத்து காலையில நான் வச்ச அளவுதான் உள்ளே இருக்கு. நர்ஸம்மா கேட்டா, சரியா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பட்டையைத் தளர்த்திப் போட்டுக்கிட்டு டாக்டரைப் பாருங்க. சரியாயிடும். யாருக்கும் தெரியாது."

அவள் எழுந்து அவனுக்கு வழி விட்டாள்.

தலைமை நர்ஸ் உயரமான பெண்மணி. நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். பேசுவதற்கு முன்பு ஆளைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்ப்பார். முதலாளியம்மா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு, குரலில் தேன் தடவிக்கொண்டு அவரை வரவேற்றார்.

"மத்த இடத்துல எல்லாம் மெஷினை வச்சு அளப்பாங்க. நாங்க விரலை வச்சு அளக்குறோம். இவங்கதான் எங்க விரல். இவங்க சரின்னு சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்று விரலக்காவின் தோளில் கை வைத்தார். "ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லிடும்மா. அப்புறம் நர்ஸம்மா போடட்டும்."

விரலக்கா கையுறையை மாட்டினாள். கண்ணாடியைக் கவிழ்த்தாள். நோயாளி வழக்கம் போல எந்தக் கவலையும் இல்லாமல் படுத்திருந்தார். மூன்று விரலை வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. நாலு வீடு தள்ளிக்கூட இல்லை.

கண்ணாடிக்கு வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலையும் நிலைக்கும், பொறுப்பும் வரும். ஆனால் அந்தச் சரி யாருடையது? கம்பளியின் விரல் சொன்னதை அவள் வாய் சொல்ல வேண்டும். அவன் விரல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு பிள்ளை இதில் பழகிவிட்டு நிஜ ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, நாடி இல்லை என்று நேற்று அவள் சொன்னது போலச் சொல்லலாம். அந்த ஆள் அவள் புருஷனைப் போல எழுந்து கேலி பேசுகிற நிலையில் இருக்க மாட்டார். அச்சகத்தில் அத்தனை வருஷத்தில் தொட்டுப் பார்க்காத ஒரு தாளைக்கூட அவள் நல்ல தாள் என்று அடுக்கியதில்லை.

"என்னம்மா? சரியா இருக்கா?" என்றார் முதலாளியம்மா.

"எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கு இந்தக் கையில நாடி தெரியல. நேத்துதான் கண்டுபிடிச்சேன். என் விரலை நம்பாதீங்க. இதுல இப்ப இருக்கிறது இந்தத் தம்பி வச்ச அளவு. அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து வச்சான். அது சரியா தப்பான்னும் எனக்குத் தெரியாது."

கம்பளி தலையில் கை வைத்துக்கொண்டான். முதலாளியம்மாவின் முகத்தில் தேன் வற்றியது. "ரெண்டு பேரும் சேர்ந்து..." என்று தொடங்கியவர் விருந்தாளி இருப்பதை நினைத்து அப்படியே விழுங்கினார்.

தலைமை நர்ஸ் மட்டும் எதற்கும் முகம் மாறவில்லை. கம்பளியின் பக்கம் திரும்பி, "கழுத்தா? எந்த இடத்துல?" என்றார்.

அவன் காட்டினான்.

"அது பெரிய ரத்தக் குழாய்ப்பா. அங்கே பலமா அடிக்கும். மணிக்கட்டுல அப்படி அடிக்காது." கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டையைத் தளர்வாகப் போட்டார். கண்ணாடி போட்டு, நோயாளியின் கையைப் பிடித்த உடனேயே, "பார்த்தியா, பலமா இருக்கு. இதுல பழகுற பிள்ளைக்கு வயசானவங்க நாடி அகப்படவே அகப்படாது" என்றார்.

கம்பளியின் அளவும் தப்பு. விரலக்காவுக்கு அதில் ஒரு குட்டிச் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

"நிஜக் கை ஒண்ணு வேணும், பக்கத்துல வச்சுப் பார்க்க" என்று நர்ஸ் கண்ணாடிக்குள்ளிருந்தே இடது கையைக் காற்றில் நீட்டினார்.

முதலாளியம்மா அசையவில்லை. விரலக்காதான் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது கையை அந்தக் கைக்குள் வைத்தாள். நர்ஸின் விரல்கள் கறுத்த வளையத்துக்கு மேல் ஊர்ந்து வந்து, இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தன.

"யாரு இது? நாடி ஏன் இப்படி ஓடுது?"

"நான்தாங்க. விரல்."

"பயமா?"

"ஆமாங்க."

"பயந்த நாடியை வச்சு அளவு எடுக்க முடியாதும்மா. மூச்சை மெதுவா விடுங்க. தண்ணி குடிங்க."

கம்பளி ஓடிப்போய் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் இடது கையால் வாங்கிக் குடித்தாள். பிறகு அவனைப் பார்த்து, "திருகை நீ பிடி. எண்ணைச் சத்தமா சொல்லிக்கிட்டே குறை. எல்லாருக்கும் கேட்கட்டும்" என்றாள்.

அவன் முதலாளியம்மாவைப் பார்த்தான். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு எவ்வளவோ சொல்லப்போகிறார் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. அவன் திரையைத் திருப்பி வைத்தான். அவள் முதல் முறையாக எண்ணைப் பார்த்தாள்.

"நாற்பத்தி ரெண்டு" என்றான் கம்பளி. "நாற்பது. முப்பத்தி எட்டு."

"இன்னும்" என்றார் நர்ஸ்.

"முப்பத்தி அஞ்சு."

"இன்னும் கொஞ்சம். நில்லு. அவசரப்படாதே. இவங்க நாடி இப்பத்தான் அடங்குது."

விரலக்கா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அளவு சரியாகிறதா என்று அவளுடைய வலது விரல்களுக்குத் தெரியப்போவதில்லை. நர்ஸின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே தெரிந்த அந்த வாய் முதலில் இறுகியிருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"இங்கே வை" என்றார் நர்ஸ். "கையை எடுத்துடாதீங்கம்மா. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

அவள் எடுக்கவில்லை.